பட்டினி வைத்தியம்

பேரி மரத்தடியில் கிடந்த எலும்பைக் குப்பம்மாள் குனிந்து எடுத்து மோந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, ஆட்டு எலும்பு. அதுவும் இன்னும் ஈரம் காயாத எலும்பு.

"பட்டினி வைத்தியமாம்" என்று முணுமுணுத்தபடி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவள் தம்பி ஞானவேல் பாலசமுத்திரத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் அவன் உட்கார்ந்தால் கட்டில் கத்தும். கரு நிற்காமல் போன மனைவி வடிவைத் திண்டுக்கல் டாக்டரிடம் காட்டப் போனவன், தன் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார் என்று திரும்பி வந்தான். மோரும் வெந்நீரும் தவிர வேறெதுவும் கூடாதாம். அதற்குக் குளிர்ந்த இடம்தான் தோதாம். வெந்நீர் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டுமே என்று வடிவையும் கூட்டிக்கொண்டு மலையேறி, வாடகைக்கு ஒரு வீடு பிடித்துக்கொண்டான்.

தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் குப்பம்மாள். தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த நாளிலிருந்து அடுப்படி அவள் கையில்தான். தம்பி பசியோடு கிடப்பானே என்று நினைத்து நினைத்து அவளுக்கே சோறு இறங்கவில்லை. பழனி மலைக்குப் படியேறி நேர்ந்துகொண்டும் வந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான், காய்கறி லாரி ஓட்டும் மயில்சாமி வந்து, உங்க தம்பியைக் கொடைக்கானல் கசாப்புக் கடையில் பார்த்தேன் என்றான். குப்பம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வெள்ளனே கிளம்பி வத்தலக்குண்டு வழியாக பஸ் ஏறிவிட்டாள்.

அவளைப் பார்த்ததும் ஞானவேல் திடுக்கிட்டதைக் கவனித்துக்கொண்டாள். அடுப்போரம் கழுத்துவரை கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டித்தான் இருந்தது. நான்கு நாள் சவரம் செய்யாவிட்டால் யாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

வடிவு வந்து மதினியின் கைப்பெட்டியை வாங்கிக்கொண்டாள். முகத்தில் நல்ல சிவப்பு ஏறியிருந்தது. குளிர் ஒத்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்ததோடு சரி, குப்பம்மாளின் பார்வை தம்பியை விட்டு நகரவில்லை. கால் கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போனவளுக்குத்தான் அந்த எலும்பு கிடைத்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கித்தேரியம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்குச் சமைத்துக் கொடுப்பவள் அவள்தான். குப்பம்மாள் நயமாகப் பேச்சுக் கொடுத்தாள். காலையில் ஆட்டுக்கால் சூப்பும் முட்டையும், மதியம் ஈரலோ கறியோ என்று ஐயாதான் அன்றன்றைக்குச் சொல்லிவிடுவாராம். வாங்கி வருவதும் அவரேதானாம்.

"யாரு சாப்பிடுறா?" என்று கேட்டாள் குப்பம்மாள்.

"நான் வாசல்லயே குடுத்துட்டு வந்துருவேங்க. ஏனம் மட்டும் காலியாத் திரும்பி வரும்."

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. குப்பம்மாள் விடுவிடென்று உள்ளே வந்து, கடைத்தெருவரை நடந்து வரலாம் வா என்று தம்பியை எழுப்பினாள். நேரே உருளைக்கிழங்கு மண்டிக்குத்தான் கூட்டிப்போனாள். மூட்டைகளுக்கு நடுவே, கம்பளியைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறச் சொன்னாள். அவன் மறுபேச்சில்லாமல் ஏறினான்.

கம்பளி போனதும் குப்பம்மாள் ஓரடி கிட்டே வந்து பார்த்தாள். சட்டை அவன் உடம்பில் கொடியில் காய்வதுபோலத் தொங்கியது.

மண்டிக்காரர் மரியஅந்தோணி முள்ளைப் பார்த்துவிட்டு ஏதோ கிலோ கணக்குச் சொன்னார். புதுசாக வந்த அந்தக் கணக்கெல்லாம் தனக்கு விளங்காது, விளங்குகிற மாதிரி சொல்லுங்கள் என்றாள் குப்பம்மாள்.

"வந்த அன்னிக்கும் இதே தராசுலதாம்மா ஏறினாரு. அதுக்கும் இதுக்கும் ஒரு பெரிய கூடை பேரிக்கா அளவுக்குக் கொறைஞ்சிருக்காரு."

திரும்பி வருகிற வழியில் அவன் மேட்டில் நாலடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினான். தம்பி பொய் சொல்லவில்லை. அப்படியானால் அந்தக் கறியெல்லாம் எங்கே போயிற்று?

வீட்டு வாசலில் நின்ற வடிவை அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். கையை இறுக்கிய வளையலைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எலும்பை அவள் காலடியில் போட்டாள்.

"ஏண்டி, புருசன் மோர்த்தண்ணியக் குடிச்சுட்டுக் கெடக்கான். நீ கறி தின்னியா? நம்ம வீட்டுல எந்த மருமகடி இப்பிடி உக்காந்து தின்னுருக்கா?"

வடிவு குனிந்து எலும்பை எடுத்துக்கொண்டாள். எல்லாரும் உண்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்றே பழகியவள் அவள்.

ஞானவேல் கதவைப் பிடித்தபடி இருவருக்கும் நடுவில் வந்து நின்றான்.

"அவளை ஒண்ணும் சொல்லாதக்கா. அந்த டாக்டர் என் ஒடம்பப் பத்திப் பேசவே இல்ல."

குப்பம்மாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "பின்ன எதுக்குலே இம்புட்டு நாளும் பட்டினி கெடந்த?"

அவன் தன் கம்பளியை எடுத்து வடிவின் தோளில் போர்த்திவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"எளைக்காமத் திரும்பி வந்தா வைத்தியம்னு நீ நம்புவியா? இவ சாப்பிடணும்னு சொல்லியிருந்தா, நீ அனுப்பியிருப்பியாக்கா?"