சோற்று விசில்

"பூட்டைப் பார்த்தா திருடன் பயப்பட மாட்டாண்ணே. குக்கர் விசிலுக்குத்தான் பயப்படுவான்," என்றாள் ஹாஜிரா.

பக்கத்து வீட்டு வாசலில் நின்று சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். பாதி திறந்த கதவுக்குப் பின்னால், சவரம் செய்யாத முகத்தோடு சிவசங்கர். மனைவி பிரேமலதா இறந்த பிறகு அந்தக் கதவு அதற்கு மேல் திறந்து மாம்பழச்சாலையில் யாரும் பார்த்ததில்லை.

"இந்தத் திருச்சி வெயிலுக்கு ஊட்டி போறது நல்லதுதாம்மா. ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. ரோந்து வருவாங்க."

"ரோந்து வர்ற போலீஸ் சோறு வைக்குமா? பின்னாடி தெருவுல பூட்டின வீடாப் பார்த்து உடைச்சிருக்கான். அவங்களும் லைட்டை எரிய விட்டுட்டுத்தான் போனாங்க. லைட்டு பொய் சொல்லும்னு திருடனுக்குத் தெரியும்ண்ணே. சமையல் சத்தம் கேட்டாத்தான் உள்ள ஆள் இருக்குன்னு நம்புவான். நீங்க எங்க வீட்டுலயே படுத்துக்குங்க, ரெண்டு வேளையும் அங்கயே சமைங்க."

"குக்கர்ல வெறும் தண்ணி வச்சாலும் விசில் அடிக்குமே."

"தண்ணி விசில் வேற, சோத்து விசில் வேற. சோத்து விசில்ல வாசனை வரும்."

ஹாஜிராவின் கணவன் கலீல் ஆட்டோவில் பைகளை ஏற்றிக்கொண்டே சிரித்தான். மகள் அல்ஷிஃபா ஏற்கெனவே உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"சார், அவகிட்ட வாதாடாதீங்க. கல்யாணமான மறுநாளே நான் விட்டுட்டேன்."

"குக்கர் புதுசு. கவுச்சி படாதது," என்றாள் ஹாஜிரா.

"திருடனுக்காகப் புதுக் குக்கர் வாங்கினியா?"

"என் நகையை விடவாண்ணே குக்கர் விலை?"

மறுத்துவிடலாம் என்றுதான் வாயெடுத்தார். ஆனால், பிரேமலதா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரோடு மாறி மாறி ராத்திரி கண்விழித்தவர்கள் இவர்கள். சாவியை வாங்கிக்கொண்டார்.

சொந்த வீட்டில் சமையலறை வாசலோடு அவர் கால் நின்றுவிடும். டீக்கடை டீயும் பிஸ்கட்டுமாகப் பொழுது போய்க்கொண்டிருந்தது. ஹாஜிரா கொடுத்தனுப்பும் சாப்பாட்டை, "அப்புறம் சாப்பிடுறேன்" என்று வாங்கி வைப்பார். மறுநாள் அது ஊசிப்போயிருக்கும். பெங்களூரிலிருந்து மகள் போனில் அழும்போது, "சாப்பிட்டேன்ம்மா" என்பார். சட்டை தோளில் தொங்கியது. இப்படியே போனால் மனுஷர் மனைவி பின்னாலேயே போய்விடுவார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை ஹாஜிராவின் சமையலறையில் லைட்டைப் போட்டார். குக்கரில் தண்ணீரை மட்டும் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். காவல் காக்கத்தானே சொன்னாள், சாப்பிடவா சொன்னாள்?

போன் அடித்தது.

"அண்ணே, வந்து சேர்ந்துட்டோம். அப்பப்பா, என்ன குளிர்! அல்ஷிஃபா ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குறா. நான் போர்வைக்குள்ள உட்கார்ந்துதான் பேசுறேன். சோறு வச்சாச்சா?"

சிவசங்கர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வச்சுக்கிட்டே இருக்கேன்ம்மா."

"எத்தனை டம்ளர்?"

"ஒரு... ஒரு டம்ளர்."

"போதும். குழைய விட்டுடாதீங்க."

போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். அரிசி டப்பாவைத் தேடி எடுத்து, ஒரு டம்ளர் அளந்து, களைந்து குக்கரில் போட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். சாதம், மோர், ஊறுகாய். இரண்டு கவளம் சாப்பிட்டு நிறுத்தினார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் சாப்பிட்டார்.

மறுநாள் ரசம் வைத்தார். அதற்கடுத்த நாள் கடைத்தெருவுக்குப் போய்க் கத்தரிக்காய் பொறுக்கி வாங்கினார். ஹாஜிரா தினமும் கூப்பிட்டு, என்ன சமையல் என்று கேட்டாள்.

"ரசம்தான். பிரேமா இருந்தா இதை ரசம்னு ஒத்துக்கவே மாட்டா," என்று சொல்லிச் சிரித்தார். மனைவியின் பேரைச் சொல்லி அவர் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. ஹாஜிரா உடனே ஏரியில் படகில் போன கதையை அவசர அவசரமாகச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிவசங்கர் தன் வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தார். சமையலறை வாசலில் கொஞ்சம் நின்றார். பிறகு உள்ளே போய் அடுப்பு மேடையில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். பிரேமலதா புழங்கிய குக்கரைக் கழுவி அரிசி போட்டார்.

சாயங்காலம் ஹாஜிரா கூப்பிட்டாள்.

"எங்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சுப்போச்சுண்ணே. இன்னும் ஒரு வாரம் இருக்கலாமான்னு பார்க்குறோம். உங்களுக்குச் சிரமமில்லையே?"

"நாளைக்கே வந்துடுங்கம்மா. இன்னைக்கு எங்க வீட்டு அடுப்புலயே சமைச்சு, அங்கயே உட்கார்ந்து சாப்பிட்டேன். இனிமே என்னால முடியும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என்னம்மா?"

"குளிருண்ணே. ஜலதோஷம்... நாளைக்கேன்னா எப்படி? சீசன் நேரம், இங்கேருந்து பஸ்ஸே கிடைக்காது."

"நம்ம திருச்சிப் பாலக்கரையில இருந்து நிமிஷத்துக்கு ஒரு டவுன் பஸ் இருக்கேம்மா," என்றார் சிவசங்கர். "முதல் நாள் நீ பேசுறப்பவே, 'பாலக்கரை இறங்கு'ன்னு கண்டக்டர் கத்தினது கேட்டுச்சு. உங்கம்மா வீட்டு ஒத்தை ஃபேனுக்குக் கீழ எனக்காக இன்னும் எத்தனை நாள்தான் படுப்பீங்க?"