ஒரு பெட்ரூம் போதும்

"ஏங்க, இங்க வந்து நில்லுங்க. ஜன்னலைத் தொறந்தா எப்படிக் காத்து வருது பாருங்க," என்று தாமரைச்செல்வி படுக்கையறையிலிருந்து கூப்பிட்டாள்.

கூடத்தில் மின்விசிறியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நெடுமாறன் வந்து நின்றான். அவளுக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஒரு இடத்தில் நிற்கவில்லை. குழாய்களையெல்லாம் திறந்து மூடினாள். பரணை எட்டிப் பார்த்தாள். இப்போது கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டு எடுத்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

"கட்டில இந்தப் பக்கம் போட்டுக்கலாம்."

"மொதல்ல வீடு கெடைக்கட்டும், செல்வி."

லாஸ்பேட்டை வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள் அவள். ஆறு மணிக்குள் திரும்பாவிட்டால் தேடுவார்கள். அவன் அரியாங்குப்பத்திலிருந்து நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் பஸ் ஏறியிருந்தான். மூன்று வருடமாக இருவருக்கும் போனில்தான் பேச்சு. அதுவும் அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பேச வேண்டும். எப்போதாவது தாவரவியல் பூங்காவில் அரை மணி நேரம். அவ்வளவுதான்.

தரகர் கலைவாணன் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். "ஓனர் லூதோவிக் சார் பாரிஸ்ல இருக்காரு. ஒரு ஜோடி வந்திருக்குன்னு மட்டும் சொன்னேன். மீதிய நீங்களே பேசிடுங்க." அவர் கீழே இறங்கிப் போனார்.

"அலோ, வணக்கம் தம்பி. வீடு புடிச்சிருக்கா?" என்றது பாரிஸ் குரல்.

"ரொம்பப் புடிச்சிருக்கு சார்."

"ஒரே ஒரு பெட்ரூம்தான். பரவாயில்லையா?"

"எங்க ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும் சார்," என்று செல்வி முந்திக்கொண்டாள். நெடுமாறன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"வருமானம்?"

"மாசம் பொறந்தா பேங்க்ல விழுந்துடும் சார்."

"கல்யாணம் ஆயிடுச்சுல்ல?"

"முருகன் கோயில்ல ஆச்சு சார்."

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க இங்க வரப்போறது வீட்டுல தெரியுமா?"

செல்வியின் முகம் வாடிவிட்டது. வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். ஆனாலும் நெடுமாறனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியாது சார். சொன்னா விட மாட்டாங்க. கேட்டுப் பார்த்தாச்சு. ஊரு என்ன பேசும்னு சத்தம் போட்டாங்க. அதனாலதான் இப்படி."

ஏற்கெனவே ஐந்து வீடு பார்த்துக் கைவிட்டுப் போயிருந்தது. இதுவும் போனால் மறுபடியும் குளியலறைப் பேச்சுதான். செல்வி அவன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உய், உய்... ஆமா, ஆமா, புரியுது," என்று பிரெஞ்சு கலந்து சிரித்தார் லூதோவிக். "நானும் என் சம்சாரம் பொலினும் வீட்டுக்குத் தெரியாமதான் தம்பி சேர்ந்தோம். ரெண்டு மாசம் ஒளிஞ்சு ஒளிஞ்சு இருந்தோம். கலைவாணன்கிட்ட சாவிய வாங்கிக்கோங்க. இன்னைக்கே வந்துடுங்க."

செல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க தம்பி. யாராவது வந்து ரகளை பண்ணா வாட்ச்மேன் தடுக்கணும். அதுக்குத்தான் கேக்கறேன். தேடிக்கிட்டு வரப்போறது யாரு? பொண்ணோட அப்பாவா, அண்ணனா?"

நெடுமாறன் செல்வியைப் பார்த்தான். அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"எங்க பசங்க ரெண்டு பேரும்தான் சார். சமைச்சுப் போட அம்மா பெரியவனுக்கு, பேரனை ஸ்கூல்ல விட அப்பா சின்னவனுக்குன்னு எங்களப் பங்கு போட்டு மூணு வருஷம் ஆவுது."