காற்று போகும் பக்கம்

கிழக்குச் சுவர் அவள் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. இனி ஜன்னல் வைக்க வேண்டும்.

இரும்புச் சட்டங்கள் இரண்டும் மணல் குவியல்மேல் சாய்ந்து கிடந்தன.

"அது வேண்டாமுங்க அம்மணி," என்றார் நாச்சிமுத்து. "அந்தப் பக்கம் முழுச் செவுராவே ஏத்திப் போடலாமுங்க."

ஊராட்சித் தலைவர் அவருடைய மனைவி. கையெழுத்து மட்டும் அந்த அம்மாவுடையது. நாற்காலி இவருடையது.

அவள் ஒன்றியப் பொறியாளர். புதுப் பள்ளிக் கட்டடம் அவள் பொறுப்பு. வரைபடம் சென்னையில் போட்டு அனுப்பியது. ஒவ்வொரு வகுப்புக்கும் மேற்கே இரண்டு ஜன்னல், கிழக்கே இரண்டு ஜன்னல். மேற்குப் பக்கம் போன வாரமே வைத்தாகிவிட்டது.

ஏன் வேண்டாம் என்று கேட்டாள்.

சாரல் அடிக்கும் என்றார். திருட்டுப் பயம் என்றார். பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்காமல் வெளியே வேடிக்கை பார்க்கும் என்றார்.

அவள் கிழக்கே பார்த்தாள். அரைச் சுவருக்கு அப்பால் ஒரு காய்ந்த ஓடை. ஓடையைத் தாண்டினால் காலனி. யாரோ கொடியில் பாவாடை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் விஷயத்துக்கு வந்தார். இப்போது பரவாயில்லை, மேற்குக் காற்று. ஐப்பசி பிறந்தால் காற்று திரும்பிவிடும். காலனிக்காரர்கள் மேல் பட்டது நேராக வகுப்புக்குள் வரும். ஊரில் நாலு பேர் ஒரு மாதிரி நினைக்கிறார்கள். தனக்கு ஒன்றும் இல்லை.

தனக்கு ஒன்றும் இல்லையாம்.



காலனிப் பிள்ளைகளும் இதே வகுப்பில்தானே படிக்கிறார்கள் என்றாள். படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது என்றார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

பிள்ளைகள் வரலாம். அவர்கள் வீட்டுப் பக்கத்துக் காற்று வரக் கூடாது.

வெளியே போக வழி இல்லாத அறைக்குள் காற்று வராது என்று விளக்கினாள். ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். தலைக்கு மேலே கான்கிரீட். மதியச் சோற்றுக்குப் பிறகு அத்தனையும் வெந்து மயங்கிக் கிடக்கும். கையால் இப்படி நுழைந்து அப்படிப் போகும் என்று காட்டிக்கூட விளக்கினாள்.

"காத்து வந்தாப் போதுமுங்க," என்றார் அவர். "போகோணும்னு என்ன இருக்குது?"

மேலதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் சிரித்தார். திறப்பு விழாவுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது, ஊர்க்காரர்களைப் பகைத்துக்கொண்டு என்னத்தைக் கட்டப் போகிறாய் என்றார். சமாளிக்கச் சொன்னார்.

சமாளித்தாள்.

கிழக்கே ஜன்னல் வேண்டாம், ஆள் உயரத்துக்கு மேலே சின்னச் சின்னத் துவாரமாக விட்டுவிடலாம் என்றாள். உள்ளே இருந்து ஒன்றும் தெரியாது. மேலாக ஏதோ கொஞ்சம் காற்று போகும். சொல்லி முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது.

அவருக்கு ரொம்பச் சந்தோஷம். படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்றார். எழும்பப் போகும் சுவரின் ஓரமாக நடந்து பார்த்தார். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கண்ணால் அளந்தார்.

"அப்பறமென்னங்க. அவிய புள்ளைகள இந்தச் செவுத்தோரமா உக்கார வெச்சுட்டாப் போச்சு."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பந்தியில் இடம் ஒதுக்குகிறவரைப்போலச் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தச் சுவரோரம். காற்று தலைக்கு மேலே எங்கோ போய்விடும் இடம். அதை அவளே சற்று முன் அவர் கையில் கொடுத்திருந்தாள்.

அவர்மேல் இருந்த அருவருப்பு அவள்மேலும் ஏறிக்கொண்டது.

மேஸ்திரி கரண்டியோடு காத்து நின்றார். எது என்று சொன்னால் வேலையைத் தொடங்குவார்.

"ஜன்னல் ரெண்டையும் வைங்க மேஸ்திரி," என்றாள். "வரைபடத்துல இருக்கற மாதிரியே."

நாச்சிமுத்து சிரிப்பைக் கலைக்காமல் அவளைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முதலில் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் வேறு எதையோ தேடினார். முகத்தில் தேடினார். நிறத்தில் தேடினார். கழுத்துச் சங்கிலியில் தேடினார்.

"அம்மணி, நீங்க எந்தப் பக்கமுங்க?"

மணல் சலிக்கும் சத்தம் நின்றது. சித்தாள்கள் ஒருவரும் திரும்பவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தஞ்சாவூர் என்று சொல்லலாம். அப்பாவின் பெயரையும் அதன் சாதி வாலோடு சேர்த்துச் சொன்னால் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்துவிடும்.

அவள் அரைச் சுவருக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

"கிழக்கால," என்றாள்.

மேஸ்திரியும் இன்னொருவரும் சட்டத்தைத் தூக்கிச் சுவர்மேல் நிறுத்தினார்கள்.

ஆடி மாதம். மேற்கிலிருந்து காற்று விடாமல் அடித்தது. அவள் முந்தானையை இழுத்தது. அவளைத் தொட்டுவிட்டு அவர் மேல் போய்க்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவளைச் சுற்றிக்கொண்டு போய், மேற்கே நின்றார்.