பதினான்காம் பக்கம்

“அஞ்சு வருஷத் திட்டம்னு ஒண்ணு எதுக்கு? சுருக்கமா சொல்லுங்க.”

பள்ளிக்கூடத்தின் தாளாளர் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். திட்டம் எழுதிக் கொண்டுவந்திருந்த ஆலோசகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“பள்ளிக்கூடமோ பாக்டரியோ, நோக்கம் ஒண்ணுதான் மேடம். எங்க போய்ச் சேரணும்னு முன்கூட்டியே முடிவு பண்றது.”

“துறைக்குத் துறை மாறாதா?”

“அடிப்படை மாறாது மேடம்.”

மாறத்தான் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிடந்த பழைய ஆஸ்பத்திரித் திட்டம் ஒன்றை எடுத்து, ‘நோயாளி’ வந்த இடத்திலெல்லாம் ‘மாணவர்’ என்று ஒரே தட்டாகத் தட்டி மாற்றியிருந்தான். இங்கே மாடிப்படி ஏறும்போதுதான் பதினான்காம் பக்கம் கண்ணில் பட்டது. திருத்த நேரமில்லை. காலையில்தான் முதலாளி, “சொந்தமா யோசிக்கத் தெரியாதவனுக்கு இங்க வேலையில்ல. இதையும் கோட்டை விட்டா நாளைக்கு வராத” என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

கையில் கொடுத்துக் கால் மணிகூட ஆகவில்லை, அம்மாளோ அடுத்த பக்கத்தைத் திருப்பும் முன்பே அதில் உள்ளதைப் பற்றிக் கேள்வி கேட்டார். சரியான எமகாதகியிடம் மாட்டிக்கொண்டோம் என்று அவன் நொந்துகொண்டான்.

பன்னிரண்டு. பதின்மூன்று. அடுத்த பக்கத்தில் விரல் நின்றது.

“‘மூன்று ஆண்டுகளில் மாணவர் இறப்பு விகிதம் பாதியாகக் குறைக்கப்படும்.’ இதுவரைக்கும் இங்க யாரும் சாகலையே தம்பி. பாதின்னா எத்தனை பேர்?”

இனி மழுப்பி என்ன ஆகப்போகிறது?

“மன்னிச்சிடுங்க மேடம். இது ஆஸ்பத்திரிக்காக எங்க முதலாளியே எழுதினது. நான் காப்பியடிச்சுட்டேன். தெரிஞ்சா என் வேலை போயிடும்.”

“முப்பதாம் பக்கத்தைப் படிங்க.”

வாங்கிப் புரட்டினான். “‘தேய்ந்த டயர்களை உடனுக்குடன் மாற்ற வேண்டும்.’ இது... ஆஸ்பத்திரித் திட்டத்துல டயர் எப்படி மேடம் வந்துச்சு?”

“உங்க முதலாளி மாத்த மறந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி பஸ் கம்பெனி ஒண்ணுக்காக இதை எழுதினது நான்.”

அம்மாள் போனை அவன் பக்கம் நகர்த்தினார்.

“அவரை இங்க வரச் சொல்லுங்க. சொந்தமா யோசிக்கத் தெரியலன்னு என்னை அன்னைக்கு வேலையை விட்டு அனுப்பினவர் அவர்தான்.”