ஐந்தாவது ஓட்டு

"அந்த லேடிக்கு ஓட்டுப் போடச் சொல்றீங்களா? என்னால முடியாதுங்க, வள்ளி" என்றபடி காபி கோப்பையை மேஜையில் வைத்தார் சேனாபதி.

அமெரிக்காவின் கேட்டி நகரிலிருந்து அரைமணி நேர டிரைவில் இருந்தது அந்தச் சிறிய கல்லூரி. பெண்கள் பாஸ்கெட்பால் அணிக்குத் தலைமைக் கோச் தேட ஆறு பேர் கொண்ட குழு. கணக்குப் பேராசிரியர் சேனாபதி அதில் ஒருவர். டாக்டர் வள்ளி ஊர் மக்கள் சார்பில் வந்திருந்தார். அவர் பேசலாம், ஓட்டு மட்டும் கிடையாது. வெளியாட்களுக்கு அதுதான் விதி போலும் என்று சேனாபதி நினைத்துக்கொண்டார்.

கடைசிச் சுற்றுக்கு வந்த இருவருக்கும் இடையே காலையில் ஓட்டெடுப்பு இரண்டுக்கு இரண்டில் நின்றுபோனது. லஞ்சுக்குப் பிறகு சொல்கிறேன் என்று எழுந்து வந்திருந்தார் சேனாபதி.

"டாம் பிரெஸ்காட் மூணு சாம்பியன்ஷிப் வாங்கியிருக்காருங்க. இந்த கார்லா இருபது வருஷமா வெறும் ஹைஸ்கூல் கோச்."

"பிரெஸ்காட் டீம்லருந்து நாலு வருஷத்துல பதினோரு பொண்ணுங்க விலகிட்டாங்க. ஏன்னு கேட்டா, 'தாங்கறவங்க இருப்பாங்க'ன்னு சிரிக்கறாரு. நீங்களும் கேட்டீங்கல்லண்ணா?"

"கேட்டேன். ஆனா இதுக்கு என்ன சொல்றீங்க?" ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினார். கார்லா மீது ஏழு வருடங்களுக்கு முன் பள்ளிக்கு வந்த புகார்க் கடிதம். பெயர்களைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள்.

'ஃபைனலில் கடைசிப் பத்து நிமிடம் என் மகளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். மூன்று கல்லூரிகளிலிருந்து அவள் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அணி தோற்றது. என் மகளுக்குக் கிடைக்கவிருந்த இடமும் போனது. இவரை இனி எந்தக் குழந்தையின் பக்கத்திலும் விடாதீர்கள்.'

"வயிறெரிஞ்சு எழுதியிருக்காங்க. என் வான்மதியும் ஸ்கூல் டீம்ல ஆடறா. அவளுக்கு இப்படி நடந்தா நானும் இதைத்தான் எழுதுவேன்."

வள்ளி அந்தத் தாளை வாங்கி, படிக்காமலே மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு முழங்கால் வீங்கியிருந்துச்சுண்ணா. வலிக்கலைன்னு அழுதுக்கிட்டே பொய் சொன்னா. ரெண்டு நாள் கழிச்சு ஸ்கேன் எடுத்தா, லிகமென்ட் பாதி கிழிஞ்சிருக்கு. இன்னும் பத்து நிமிஷம் ஆடியிருந்தா மிச்சமும் போயிருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க பேஷன்ட்டா?"

"ஸ்கேனை நான் பார்த்தேன். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்."

டாக்டர்கள் பேஷன்ட் விஷயத்தைப் பேச மாட்டார்கள் என்று சேனாபதி மேலே கிளறவில்லை. "சரி, கார்லாவே இதை நேத்து இன்டர்வியூல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா ஒரு டாக்டர் மாட்டியிருப்பாங்க. பொண்ணு ஆடலாம், ஃபிட்டா இருக்கான்னு அந்த டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தாங்க. அதையும் மீறித்தான் கார்லா உட்கார வெச்சாங்க. பழியை டாக்டர் மேல தள்ளியிருந்தா இந்த லெட்டர் ஒண்ணுமில்லாமப் போயிருக்கும். தள்ளினாங்களா?"

சேனாபதி யோசித்தார். கடிதத்தைப் பற்றிக் கேட்டபோது கார்லா நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்த முடிவு என்னுடையது. நாளைக்கும் அதையேதான் செய்வேன். எழுதியவரின் கோபம் நியாயமானது" என்று மட்டும் சொன்னார். சமாளிக்கத் தெரியாதவர் என்று அப்போது இவர் குறித்து வைத்திருந்தார்.

"நாளைக்கு உங்க வான்மதி வலிக்கலைன்னு அழுதா, அவளை யார்கிட்ட விடுவீங்கண்ணா?"

சேனாபதி கடிதத்தை ஃபைலுக்குள் வைத்து மூடினார். மீதிக் காபியைக் குடிக்காமலே எழுந்தார்.

இரண்டாவது ஓட்டெடுப்பு ஒரு நிமிடத்தில் முடிந்தது. கார்லா பெயர் வந்தபோது மூன்றாவதாக உயர்ந்த கை சேனாபதியுடையது. குழுத் தலைவர் அங்கிருந்தே கார்லாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பள்ளி மைதானத்தில் இருந்தாராம். செய்தி கேட்டதும் பக்கத்திலிருந்த பிள்ளைகள் போட்ட கூச்சல்தான் அறை முழுவதும் கேட்டது. பிரெஸ்காட்டுக்கு ஓட்டுப் போட்டவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

வெளியே வராந்தாவில் வள்ளி போனில் கத்திக்கொண்டிருந்தார். "ஓவியா, உங்க கோச் ஜெயிச்சுட்டாங்கடி!"

"ஓ மை காட், அம்மா! ஐ நியூ இட்!" என்று மறுமுனையில் அலறியது சேனாபதி வரைக்கும் கேட்டது.

"யாருங்க ஓவியா?"

வள்ளி திரும்பினார். கண்ணில் நீர் வழிய, முகம் முழுக்கச் சிரிப்பு.

"என் பொண்ணுண்ணா. போன மாசம் மாரத்தான் ஓடினா. அன்னிக்கு கார்லா பெஞ்சில உட்கார வெச்சது அவளைத்தான். அந்த லெட்டரை எழுதினது நான். சேர்மன்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன், அதனாலதான் எனக்கு ஓட்டு இல்ல."

சேனாபதி கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். "அப்ப நேத்து, எதிர்லயே நீங்க உட்கார்ந்திருந்தும், கார்லா..."

"ஒரு வார்த்தை சொல்லலண்ணா" என்றார் வள்ளி. "ஃபிட்னு கையெழுத்துப் போட்ட டாக்டரும் நான்தான்."