சகலையின் ஃபேன் வயர்

சகலையின் பெட்டி மூன்றாவது தடவையாகக் காரிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் பல்லை நறநறவென்று கடித்தார்.

“இன்னிக்கும் ஃபேன் சுத்தல தம்பி,” என்றார் சகலை, பெட்டியைச் சோபாவுக்குப் பக்கத்தில் உரிமையோடு வைத்தபடி. “ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம்கூட ஆகல, சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. இப்படியே கிளம்பினா பாதி வழியில ரேடியேட்டர் கொதிச்சு நின்னுடும்.”

“அதுக்கென்ன அண்ணே, இருந்து நிதானமாப் போங்க. இதுவும் உங்க வீடுதானே?” சூப்பர்வைசர் குரலில் தேன் சொட்டியது.

சகலை என்றால் மனைவியின் அக்காள் கணவர். ஏதோ வேலையாக ரெண்டு நாளைக்கு என்று வந்த மனிதர், வேலை முடிந்து ஒரு வாரமாகியும் டேராவைப் பிரிக்கவில்லை. கேட்டால் ரேடியேட்டர் ஃபேன், வயர், ஜாயின்ட் என்று ஒரு கதை. அவர் கார் ஒரு தகர டப்பா. பானெட் பூட்டு எந்தக் காலத்திலோ செத்துப்போய், யார் தூக்கினாலும் வாயைப் பிளக்கும்.

முதலில் எலக்ட்ரீஷியன் வந்து வயரை மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஃபேன் சுற்றவில்லை. அப்புறம் சகலையே சட்டையைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கி, கை முறிந்தவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்தார். அந்த வைத்தியமும் ஒரு ராத்திரிதான் தாங்கியது.

அவர் வீட்டில் சமைத்துப்போட இப்போது ஆள் இல்லை. மனைவி வெளியூரிலுள்ள மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். இங்கேயோ வேளாவேளைக்குச் சுடச்சுடத் தட்டு வருகிறது. எந்த மடையன் கிளம்புவான்?

சூப்பர்வைசருக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆலையில் அவர் ஒரு சத்தம் போட்டால் மெஷினே நின்றுவிடும் என்பார்கள். ஆனால் மாமனார் வீட்டில் அவருக்குத் தங்கமான மாப்பிள்ளை என்று பெயர். இந்த வீட்டில் குரல் உயர்ந்தால், அது சகலை வாய்வழியாக அன்றைக்கே மாமனார் காதுக்குப் போய்ச் சேரும். அதனால் சட்டைப் பொத்தான் அறுந்திருந்ததைக்கூட இந்த ஒரு வாரமாக மனைவியிடம் கிசுகிசுப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசரின் மகள் வேறு. அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற பெண், இப்போது ஹாலில் உட்கார்ந்து பெரியப்பாவோடு சீட்டு விளையாடிச் சிரிக்கிறாள். பெண்ணையும் கெடுத்துவிட்டான் பாவி என்று சூப்பர்வைசர் முடிவுகட்டினார்.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்துவிட்டு அவர் சமையலறைக்குள் நுழைந்தபோது, மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பால் பாக்கெட்டோடு போராடிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கும் கிளம்பலையா அவரு?” என்று கேட்டாள்.

“எங்க கிளம்பறது? அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கான். நீ சீக்கிரம் டீயைப் போடு.”

“இருங்க. இந்தக் கத்தரிக்கோல் முனையே மழுங்கிப் போச்சு.” கடைசியில் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

எலக்ட்ரீஷியன் வந்தபோது சகலை குளிக்கப் போயிருந்தார். பானெட்டுக்குள் தலையை விட்டவர், சிறிது நேரத்தில் சூப்பர்வைசரைக் கைகாட்டி அழைத்தார்.

“சார், இது பழைய வயரும் இல்ல, நான் போட்ட ஜாயின்ட்டும் விடல. தானா அறுந்தா நுனி பிசிறா இருக்கும். எலி கடிச்சா மேல் உறையில பல்லு பதிஞ்சிருக்கும். இது யாரோ வெட்டினது. மழுங்கின எதையோ வெச்சு நசுக்கி நசுக்கி வெட்டியிருக்காங்க.”

சூப்பர்வைசர் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. அகப்பட்டான்! இனி மாமனாரே வந்து நின்றாலும் கவலை இல்லை. எலக்ட்ரீஷியனை வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரே ஓட்டமாகச் சமையலறைக்கு வந்தார்.

“உங்க அக்கா வீட்டுக்காரர் லட்சணத்தைக் கேட்டியா?” குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டே அடிக்குரலில் ஆரம்பித்தார். “தன் கார் வயரைத் தானே வெட்டிட்டு, இங்க ஓசியில சாப்பிட்டுக்கிட்டிருக்காரு பெரிய மனுஷன்! வெட்கம், மானம் ஏதாவது இருக்கா? வெளிய வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்.”

“கேக்காதீங்க. அவர் வெட்டல.”

“பின்ன, கார் தன்னைத்தானே வெட்டிக்கிச்சா?”

மனைவி கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னால் மேடை மேல் வைத்தாள். அதன் வாயில் ஒரு செம்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசருக்கு ரத்தம் தலைக்கேறியது. வழக்கம்போல் கை ஓங்கி மேடையைத் தட்டப் போனது, வாயும் திறந்தது. அதற்குள் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. கையை இறக்கினார். தொண்டை வரை வந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

“நீயா? ஏன் இப்படிப் பண்ணின?” என்று கிசுகிசுத்தார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவர் இல்லாட்டி, இதை நீங்க இவ்வளவு மெதுவாக் கேட்டிருப்பீங்களா?”