மாப்பிள்ளையின் வயிறு

“மணியாச்சு!”

முன் அறையிலிருந்து மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் தையல் மிஷின் நின்றது. பாதி தைத்த பள்ளி யூனிஃபார்மை ஊசியிலேயே விட்டுவிட்டுத் தங்கை எழுந்து ஓடினாள். ஒரு கையில் தண்ணீர். மறு கையில் மாத்திரை.

அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஹோட்டலில் சமையல்காரர். லீவு போட்டுத் தங்கையைப் பார்க்க வந்தவர். வந்ததிலிருந்து இதே கூத்துதான்.

“ஏம்மா, அவருக்குக் கை இல்லையா? எடுத்துப் போட்டுக்க மாட்டாரா?”

“அல்சர்ண்ணா அவருக்கு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி வெறும் வயித்துல மாத்திரை. அப்புறம் டாண்ணு சாப்பாடு. கொஞ்சம் தள்ளிப் போனாலும் சுருண்டு படுத்துடறாரு.”

“போன வருஷம் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில கிடந்தது யாரு? நீயா, அவரா?”

“எனக்குத்தான் சரியாயிடுச்சே!”

சாப்பாடும் அப்படித்தான். காரம் கிடையாது. புளிப்பு கிடையாது. அண்ணன் வாயில் வைத்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தார். மாப்பிள்ளையோ தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“நீயும் உக்காரு. தனியாச் சாப்பிட்டா எனக்கு இறங்காது.”

‘பச்சைக் குழந்தை பாரு’ என்று முணுமுணுத்தார் அண்ணன்.

போதாததற்கு, இடுப்பு வலிக்கு அவள் வைத்திருந்த மாத்திரையைக்கூட மனுஷன் தூக்கி எறிந்துவிட்டாராம். கேட்டால், வீட்டில் இருந்தால் தெரியாமல் எடுத்துப் போட்டுக்கொள்வாராம். அது அல்சர் வயிற்றுக்கு ஆகாதாம். அவளோ வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மிஷினை மிதிக்கிறாள்.

பேசாமல் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார் அண்ணன்.

மறுநாள் மதியம். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். எங்கே வேலை இருந்தாலும் மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார். தங்கை மாத்திரையைக் கொடுத்தாள். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பியதும், மாத்திரையை உள்ளங்கையில் துப்பிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அண்ணன் கதவு ஓரம் நின்று பார்த்துவிட்டார்.

அட, இது என்ன வித்தை?

ராத்திரியும் கண்ணை எடுக்காமல் கவனித்தார். அதே வித்தை. விழுங்கவே இல்லை. ஆனால் சோறு வரக் கொஞ்சம் தாமதமானதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ... எரியுதே...” என்று ஒரு முனகல் வேறு.

அண்ணனுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அடுத்த நாள் மதியம், குழாயடியில் கை கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றார்.

“மாப்பிள்ளை, சட்டைப் பையைக் கொஞ்சம் காட்டுங்க.”

மாப்பிள்ளை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். “மெதுவாப் பேசுங்க மச்சான்.”

“உங்களுக்கு அல்சர் இருக்கா, இல்லையா?”

“இல்லை.”

“அப்ப அந்த முனகல்?”

“நல்லா இல்லையா?”

“வெக்கமா இல்ல? ஒரு சீக்காளிப் பொண்ணை இப்படி ஓட ஓட விரட்டறீங்களே! இன்னிக்கே அவளைக் கூட்டிட்டுப் போறேன்.”

“போங்க. ஆனா அங்க அவளை யாரு நேரத்துக்குச் சாப்பிட வைப்பாங்க?”

“ஏன், அவளுக்குத் தானாச் சாப்பிடத் தெரியாதா?”

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்தா. மிஷின்ல உக்காந்தா. மாத்திரை மறந்துபோச்சு. ‘இந்தக் காலரை முடிச்சிடறேன், இந்தப் பாக்கெட்டை முடிச்சிடறேன்’னு மதியச் சோறு சாயங்காலம் ஆகும். நடுவுல இடுப்பு வலின்னு அந்த மாத்திரையை வெறும் வயித்துல போட்டுக்குவா. கெஞ்சினேன். கத்தினேன். டாக்டர், ‘இன்னொரு தடவை ரத்தம் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது’ன்னுட்டார். அன்னிக்கு வந்து எனக்கும் அல்சர்னு சொல்லிப் படுத்தேன். அதுலேருந்து ஒரு வேளை தப்பலை. எனக்கு எடுக்கும்போது தனக்கும் ஒண்ணு எடுத்துக்கறா. என்கூடவே உக்காந்து சாப்பிடறா.”

“இதை அவகிட்டயே சொன்னா என்ன?”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “என்னங்க! தட்டு வச்சாச்சு. வயித்தைக் காயப் போடாதீங்க!”

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டார்.

“அவ வயிறுன்னா மறந்துடுவா, மச்சான். என் வயிறுன்னாதான் ஞாபகம் இருக்கும்.”